மாப்பிள்ளை கேட்ட எண்பத்து மூன்று பாட்டுகள்

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மெல்பேர்ணிலிருந்து வந்து இறங்குவதற்குள் எண்பத்து மூன்று பாட்டுகளைக் கேட்டு முடிக்க வேண்டும். திங்கட்கிழமை மாலை சிட்னியின் பென்டில் ஹில் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது கணேசலிங்கம் பதினொன்றுதான் முடித்திருந்தார். அந்தப் பதினொன்றும் அவருக்குத் திருப்தி தரவில்லை.

வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக் கழற்றும் முன்பே மனைவியிடம் சொன்னார்.

"பெடியன் சரியில்லைப்போல கிடக்கு."

"எந்தப் பெடியன்?" என்றார் பவளம்.

"எத்தினை பெடியனைப் பேசி வைச்சிருக்கிறம்? சுஜீதன்தான்."

பவளம் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "இப்ப என்ன செய்துபோட்டான்?"

"பாட்டுக் கேக்கிறான்."

சுஜீதன் மெல்பேர்ண் கிளென் வேவர்லியில் தாயோடு இருக்கும் என்ஜினியர். மகள் ராகவிக்கும் அவனுக்கும் சாதகம் பொருந்தியிருந்தது. இருவரும் இரண்டு தடவை சந்தித்தார்கள். இரண்டாவது தடவை வீட்டுக்கு வந்த ராகவி, "ஓகே" என்றாள். முப்பத்தொரு வயதுவரை எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பவளம் மறுநாளே கல்யாண மண்டபங்களுக்கு ரெலிபோன் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

மீதி இருந்தது விசாரிப்பு. அது கணேசலிங்கத்தின் பகுதி. மெல்பேர்ணில் தெரிந்த ஐந்து பேருக்கு ரெலிபோன் எடுத்தார். ஐந்து பேரும் "நல்ல பெடியன்" என்றார்கள். கணேசலிங்கம் கொழும்புத் துறைமுகத்தில் பன்னிரண்டு வருடம் சுங்க அதிகாரியாக இருந்தவர். ஐந்து பெட்டிகளிலும் ஒரே எழுத்தில் ஒரே விபரம் எழுதியிருந்தால் ஐந்தையும் உடைத்துப் பார்க்க வேண்டும் என்று படித்தவர். இப்போது சிட்னியில் ஒரு சரக்குக் கம்பனியில் பத்திரங்கள் சரிபார்க்கிறார். பழக்கம் போகவில்லை.

அலுவலகத்தில் பக்கத்து மேசை ஹம்சா சென்னைப் பெண். அவளிடம் தன் கவலையைச் சொன்னார்.

"அங்கிள், ஆளப் பத்தி ஆள்கிட்ட கேட்டா என்ன தெரியும்? அவரு என்ன பாட்டு கேக்குறாருன்னு பாருங்க. அதுல நடிக்க முடியாது" என்றாள் ஹம்சா. தன் போனில் இருந்த பாட்டுச் செயலியில் பெயரைப் போட்டுத் தேடினாள். படத்தோடு வந்து நின்றான் சுஜீதன். பெயருக்குக் கீழே பதினான்கு பாட்டுப் பட்டியல்கள் இருந்தன. பதினான்கிலும் ஒரே குழுவின் பாட்டுகள்தான். குழுவின் பெயர் டென்ட் ரிப்பேர்.

"கூடாரம் திருத்திறதோ?"

"பேண்டு பேரு அங்கிள். அமெரிக்காவுல நெப்ராஸ்கா. இண்டி ராக் டூயோ. இந்தப் பொண்ணு கிட்டார், அந்த ஆளு டிரம்ஸ். அவ்வளவுதான், ரெண்டே பேர்."

"ரெண்டு பேருக்கும் என்ன முறை?"

"முறையா?"

"புருசன் பெண்சாதியோ? சகோதரங்களோ?"

ஹம்சா தேடிப் பார்த்தாள். "எங்கயும் போடல அங்கிள்."

கணேசலிங்கம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அதை முதலாவது ஆட்சேபணையாக எழுதினார்.

இவ்வளவையும் கேட்டு முடித்த பவளம் வெங்காயத்தைச் சட்டியில் போட்டார். "பதினொரு பாட்டைக் கேட்டுப்போட்டு ஒரு மனுசனைச் சொல்லலாமோ? கேக்கிறதெண்டால் முழுக்கக் கேளுங்கோ."

அவரை வாயடைக்க வைப்பதற்காகச் சொன்னது அது. கணேசலிங்கம் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

செவ்வாயும் புதனும் ரயிலில் போகவர, மதிய இடைவேளையில், குப்பைத் தொட்டியை வாசலுக்கு உருட்டும்போது என்று கேட்டார். டென்ட் ரிப்பேர் இதுவரை ஐந்து முழு அல்பங்களும், இரண்டு சின்ன அல்பங்களும், ஒரு தேவாலய மண்டபத்தில் நேரடியாகப் பதிந்த ஒன்றுமாக எண்பத்து மூன்று பாட்டுகளை வெளியிட்டிருந்தது. அந்த மண்டபத்தில் யாரோ ஒருவர் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இருமிக்கொண்டே இருந்தார். மொத்தப் பதிவிலும் கணேசலிங்கத்துக்குப் புரிந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

புத்தகத்தில் இப்படி எழுதினார். வீட்டை விட்டு யாரோ போவது: பத்தொன்பது. விஸ்கி: ஏழு. நாய்: நான்கு, அதில் மூன்றில் நாய் உயிரோடு இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும், பதினான்கு நிமிடம்: ஒன்று.

ஏழு விஸ்கி அவரை உறுத்தியது. புதன்கிழமை மாலை மெல்பேர்ணுக்கு, தூரத்து உறவான யோகாவுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"யோகா, சும்மாதான் கேக்கிறன். பெடியன் குடிக்கிறவனோ?"

"ஐயோ, அப்பிடியோ அண்ணை?"

"நான் உம்மட்டைக் கேக்கிறன்."

"எனக்குத் தெரியாது. ஆனா நீங்கள் கேக்கிறியளெண்டால் ஏதோ இருக்கு."

வியாழக்கிழமை பவளம் மரக்கறி வாங்க பென்டில் ஹில் கடைக்குப் போனார். கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் நின்ற ஒரு அன்ரி அவருடைய கையைப் பிடித்து, "தெரிஞ்சுகொண்டே குடிகாரனுக்குக் குடுக்கிறியளே, பவளம்?" என்று கேட்டார். பவளம் கத்தரிக்காயை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"உடனை எடுத்து அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு சொல்லுங்கோ."

கணேசலிங்கம் எடுத்தார். "யோகா, பெடியன் குடிக்கிறேல்லை. அது என்ர பிழை. அவர் சோகப் பாட்டுத்தான் கேக்கிறவர். ஆரோ விட்டிட்டுப் போறது, நாய் சாகிறது, அப்பிடியானது."

"பாவம்" என்றார் யோகா. அவருடைய குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் செய்தி சிட்னிக்குத் திரும்பி வந்தது. சுஜீதனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் பெண்சாதி குடி தாங்காமல் வீட்டை விட்டுப் போய்விட்டாள். போகும்போது நாயையும் கொண்டுபோனாள். அந்த ஏக்கத்தில் நாய் செத்துவிட்டது.

கணேசலிங்கம் மூன்றாவது தடவையும் எடுத்தார். "யோகா, முதல் பெண்சாதி எண்டு ஒருத்தரும் இல்லை!"

"அப்ப கல்யாணம் கட்டாமலோ அண்ணை சேர்ந்திருந்தவை?"

அவர் ரெலிபோனை வைத்துவிட்டார்.

அன்று மாலை ராகவி வேலையிலிருந்து வந்து, கைப்பையைக் கதிரையில் எறிந்தாள். அவள் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். நாள் முழுக்க மற்றவர்களிடம் பொறுமையாகப் பேசுகிறவள்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? சுஜீ ரெக்ஸ்ட் பண்ணியிருக்கிறார், தன்ர முதல் வைஃபின்ர பேர் என்னெண்டு. அவருக்கே தெரியாதாம்."

கணேசலிங்கம் குறிப்புப் புத்தகத்தை மகளிடம் நீட்டினார். அவள் ஒரு பக்கம் படித்தாள்.

"டென்ட் ரிப்பேரா? நெவர் ஹேர்ட் ஆஃப் தெம். சுஜீ பாட்டே கேக்கிறேல்லை. காரில எந்த நேரமும் கிரிக்கெட் பொட்காஸ்ட்தான் ஓடும்."

"பாத்தீரோ?" என்று பவளத்திடம் திரும்பினார் கணேசலிங்கம். "பதினாலு பட்டியல் வைச்சிருக்கிறான். இவளுக்கு ஒரு பாட்டும் போட்டுக் காட்டேல்லை. மறைக்கிறான்."

"அப்பா, லிசின்" என்றாள் ராகவி. இப்போது அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. இது குழம்பினால் இன்னொருத்தருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து நான் நிக்கமாட்டன். தட்ஸ் இட்."

அவள் அறைக்குள் போய்விட்டாள். பவளம் விரலை உயர்த்தினார். "நாளைக்கு உங்கட வாயில பாட்டெண்ட சொல்லு வரக்கூடாது."

"வராது."

அவர் வாக்குத் தவறுகிறவர் அல்ல. வாய் திறக்கப் போவதில்லை. விருந்தினர் வரும்போது வரவேற்பறை ஸ்பீக்கரில் டென்ட் ரிப்பேரை மெதுவாக ஓடவிடலாம் என்று முடிவு செய்தார். பையனுக்கு அது ஒரு நல்லெண்ணச் சைகை. அவன் தானாகவே ஒத்துக்கொள்வதற்கு ஒரு கதவு. எதை ஓடவிடுவது என்பதில் மட்டும் அரை மணி நேரம் யோசித்தார். எண்பத்து மூன்றையும் முடித்து இப்போது இரண்டாம் சுற்றில் இருந்தார். அதைப் புத்தகத்தில் "மறுபரிசோதனை" என்று குறித்திருந்தார். அன்று காலை ரயிலில் மறுபரிசோதனையின்போது அவருடைய விரல்கள் சாப்பாட்டுப் பெட்டியில் தாளம் போட்டதையும், எதிரே இருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனதையும் அவர் குறிக்கவில்லை. கடைசியில், விஸ்கியோ பிரிவோ வருவதற்கு ஒரு சொல்லும் இல்லாத ஒரே பதிவு என்பதால் குளிர்சாதனப் பெட்டியைத் தெரிவு செய்தார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு சுஜீதனும் தாய் ரஞ்சினியும் வந்தார்கள். சுஜீதன் உயரமாக, சவரம் செய்த முகத்தோடு, பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரஞ்சினி புருசனை இழந்தபின் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்து அவனைத் தனியாக வளர்த்தவர். கதிரையின் நுனியில் இருந்தார். பயணம் சுகமோ என்று கேட்டதற்கு "ஓம்" என்றார். ரோல்ஸ் நீட்டியபோது "ஒண்டு போதும்" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

சுஜீதன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "அங்கிள், உங்கட ஃபிரிட்ஜ் ஏதோ இரையுது. கொம்பிரசர்போல. கழட்டிப் பாக்கட்டே?"

"தம்பிக்கு இது என்னெண்டு விளங்கேல்லையோ?"

"ஃபிரிட்ஜ்தானே?"

"ஃபிரிட்ஜ்தான். ஆற்ற ஃபிரிட்ஜ்?"

சுஜீதன் ராகவியைப் பார்த்தான். ராகவி கூரையைப் பார்த்தாள். பவளம் ரோல்ஸ் தட்டை கணேசலிங்கத்தின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, "நீங்கள் ஒண்டை வாயில வையுங்கோ" என்றார். அவர் தட்டை விலக்கினார். பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் திறந்த பெட்டிக்கு முன்னால் நின்று, இது தன்னுடையது இல்லை என்று சொன்னதைப் பார்த்தவர் அவர். போனை எடுத்து நீட்டினார்.

"இது ஆற்ற படம்?"

"என்ர."

"பேர்?"

"என்ர. அக்கவுண்ட் நான் திறந்ததுதான் அங்கிள். ஆனா இந்தப் பாட்டு ஒண்டும் நான் கேட்டதில்லை."

"அப்ப ஆர் கேட்டது? பேயோ?"

"அப்பா!" என்றாள் ராகவி.

"பொறு பிள்ளை. குடிச்சிருந்தாலும் நான் மன்னிச்சிருப்பன்." கணேசலிங்கம் எழுந்து நின்றார். "இந்தப் பாட்டுகளைக் கேட்டதுக்கும் மன்னிப்பிருக்கு. நானே ரெண்டு தரம் கேட்டனான். ஆனா முகத்துக்கு நேரை இல்லையெண்டு சொல்லுறாரே, அதுதான் ஏலாது. ரெண்டாவது அல்பம், ஏழாவது பாட்டு. ஒருத்தி விடியக் காலமை எழும்பி, எல்லாருக்கும் சமைச்சு மூடி வைச்சுப்போட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் திறப்பைப் போட்டுக் காரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போறாள். அதை ஆறு பட்டியலில போட்டு வைச்சிருக்கிற ஆளை நம்பி நான் என்ர பிள்ளையை எப்பிடி அனுப்புறது?"

ஸ்பீக்கரில் நெப்ராஸ்காக் குளிர்சாதனப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. ராகவியின் கண்கள் நிறைந்திருந்தன. சுஜீதன் பழத்தட்டைத் திரும்ப எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் பாதி குனிந்து நின்றான்.

ரஞ்சினி தேநீர்க் கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார்.

"அது எட்டாவது பாட்டு அண்ணை. ஏழாவதில அவள் இன்னும் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டெல்லோ இருக்கிறாள்."