ஜிகினாத் தாளுக்குள் ஒரு கண்ணேறு

சனிக்கிழமை காலையில் பெரெய்ரா நகரின் அந்தப் பேட்டையில் எந்த வீட்டிலும் பூச்செடி இருக்காது. எல்லாம் கண்ணேறு கழிக்கும் மந்திரவாதி மாயெஸ்த்ரோ ஃபவுஸ்தினோவின் வாசலில் வரிசையில் நிற்கும். வாடிய ஆந்தூரியப் பூச்செடிகளைக் காய்ச்சல் கண்ட பிள்ளைகள்போல இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். ஆண்களும்தான். "பெண்டாட்டி அனுப்பினா" என்று மட்டும் யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்வார்கள்.

மாயெஸ்த்ரோவுக்கு வெள்ளை உடை, வெள்ளைச் செருப்பு. செடியைத் தொடமாட்டார். கண்ணை மூடி, ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுவார். உடம்பு நடுங்கும்.

"பொறாமைக் கண்! அடிக்கடி வந்து உன் காப்பியைக் குடிக்கிற ஆள்!"

காப்பி விளைகிற ஊரில் அடுத்த வீட்டுக் காப்பியைக் குடிக்காதவர் யார்? ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. மந்திரித்த தண்ணீர்ப் புட்டியை வாங்கினார்கள். "ஒரு மூடி ஊத்து. தேய்பிறை முடியறவரைக்கும் வேற தண்ணி காட்டாதே" என்பார். பல செடிகள் பிழைத்தன. பிழைக்காத செடிக்குப் பட்ட கண் பெரிய கண்; அதற்கு இன்னொரு புட்டி.

போன வாரம் எதில்மாவின் செடிக்குக் கண் வைத்தவள் நோரல்பாவாகிவிட்டாள்.

இருவரும் அடுத்தடுத்த வீடு. எதில்மாவின் மகளுக்கு நோரல்பாதான் ஞானத்தாய். தினமும் சாயங்காலம் எதில்மா வீட்டுக் கூடத்தில் காப்பி, சோள ரொட்டி, ஊர் வம்பு. அன்று கதவு திறக்கவில்லை. சன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"உன் கொய்யாமரத்துல கட்டின ஆந்தூரியம் மட்டும் எப்படிடி கொழுகொழுன்னு இருக்கு? என்னோடது என் பிள்ளை ஸ்பெயினுக்குப் போறதுக்கு முன்னாடி அன்னையர் தினத்துக்குக் கொடுத்த செடி. அதைச் சுத்தின ஜிகினாத் தாளைக் கழட்டு கழட்டுன்னு நச்சரிச்சியே, அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

"எதில்மா, அந்தத் தாளுதான்டி..."

சன்னலும் சாத்திக்கொண்டது.

நோரல்பா அன்று சாயங்காலம் தனியாகக் காப்பி குடித்தாள். கசந்தது. இத்தனை வருடச் சிநேகிதத்தைப் புட்டித் தண்ணீரில் கரைத்துவிட்டானே பாவி!

அடுத்த சனிக்கிழமை அவளும் ஒரு ஆந்தூரியத்தோடு வரிசையில் நின்றாள். இலையெல்லாம் சேறு. முன்னால் எதில்மா, இன்னும் மோசமாகிவிட்ட செடியோடு, திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

எதில்மா இன்னொரு புட்டியை வாங்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். நோரல்பாவின் முறை வந்தது. மாயெஸ்த்ரோ கை நீட்டினார். நடுங்கினார்.

"ஐயோ! வேர் அழுவுறது எனக்குக் கேக்குது! இது ஒரு விதவையோட கண்ணு. குண்டா இருப்பா."

"நல்லாக் கேளுங்க ஐயா. வேரா அழுவுது?"

"கதறுதும்மா!"

நோரல்பா செடியைப் பிடித்து இழுத்தாள். வேர் இல்லை. கம்பி இருந்தது. கம்பியின் முனையில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு இருந்தது. பிளாஸ்டிக் செடி!

வரிசை வெடித்துச் சிரித்தது.

"பிளாஸ்டிக்குக்கும் கண்ணு படும்!" என்று கத்தினார் மாயெஸ்த்ரோ.

"ஆனா என் செடி நிஜமாவே பிழைச்சுதே?" என்றார் ஒருவர்.

"பிழைக்கும்" என்றாள் நோரல்பா. "தண்ணி ஊத்தாதேன்னு சொன்னாரில்ல? அதுதான் வைத்தியம். ஆந்தூரியம் காட்டுல மரத்தைத் தொத்தி வளர்ற செடி. மழை நனைச்சுட்டு வழிஞ்சு ஓடிடும். வேரு காத்துல மூச்சு விடும். நாம அதைத் தொட்டியில வச்சு முக்குறோம். மூச்சு முட்டினா வேர் அழுகும், இலை மஞ்சளாகும். எதில்மா, அதைக் கொடு இப்படி."

எதில்மா தயங்கினாள். பிறகு நீட்டினாள். நோரல்பா ஜிகினாத் தாளைக் கிழித்தாள். குப்பென்று நாற்றம். கறுத்த தண்ணீர் கொட்டி மாயெஸ்த்ரோவின் வெள்ளைச் செருப்பை நனைத்தது. தொட்டியின் அடியில் ஓட்டைகள் இருந்தன. அவற்றை அடைத்திருந்தது மகன் சுற்றிக் கொடுத்த தாள்.

"அவரு வேற தண்ணி காட்டாதேன்னு சொல்லியும் தினமும் ஊத்தினியா?"

"பிள்ளை நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு டம்ளர்" என்றாள் எதில்மா.

மாயெஸ்த்ரோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் வீசிய காலிப் புட்டிகள் கதவில் மோதும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்று சாயங்காலம் கறுத்த வேர்களை வெட்டினார்கள். மண்ணில் மரப்பட்டைத் துண்டும் கரியும் கலந்து, தாள் இல்லாத தொட்டியில் நட்டார்கள். நேர்வெயில் படாத சன்னலோரம் வைத்தார்கள்.

"விரலை விட்டுப் பாரு. மேல்மண்ணு காஞ்சிருந்தா மட்டும் ஊத்து" என்றாள் நோரல்பா.

"பிள்ளை நினைப்பு வந்தா?"

"போன் பண்ணு. இல்லேன்னா என்னைக் கூப்பிடு. எனக்குக் காப்பி ஊத்து, நான் அழுகமாட்டேன்."

சன்னலில் நடுக்குருத்து இன்னும் பச்சையாக நின்றது. அது பிழைத்துக்கொள்ளும். ஊர்தான் யோசிக்க வேண்டும்: செடி வாடினால் அடுத்த வீட்டுக்காரியின் கண்ணைப் பார்க்கிறோமே, குனிந்து தொட்டியின் அடியைப் பார்க்க நமக்குக் கண் இல்லையா?