நீராவிக் குதிரையின் கழுத்து மணி

நீராவியால் மனித குலம் அடைந்த பெரும் முன்னேற்றங்கள் மூன்று. முதலாவது ரயில். இரண்டாவது இட்லி. மூன்றாவது, தென்காசியில் ஒரு பரோட்டா கடையின் மாடியில், சென்ற ஆண்டு ஆனி மாதம் தொடங்கியது. முதல் இரண்டுக்கும் உலகம் உரிய மரியாதையைச் செய்துவிட்டது. மூன்றாவதற்கான கடன் பாக்கி இருக்கிறது.

அந்த மூன்றாவதன் பெயர் ‘சாரல் சித்திரக்கூடம்’. அரக்கனின் உயிர் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கிறது, இளவரசன் பறக்கும் குதிரையில் போய் அதைப் பிடிக்கிறான் என்று நாம் எல்லோரும் சோறு உண்ணும்போது கேட்ட கதையை, ‘ஸ்டீம்பங்க்’ முறையில் அனிமேஷன் படமாக எடுப்பது அதன் லட்சியம். இயக்குநர் மணிகண்டபிரபு முதல் கூட்டத்திலேயே விளக்கினார்.

“கரண்டே கண்டுபிடிக்காம, ஆவியிலயே உலகம் ஓடியிருந்தா எப்படி இருக்கும்? அதான் கான்செப்ட்.”

அப்போது தெரு முழுக்க மின்சாரம் போயிருந்ததால் கூட்டத்துக்கு அது உடனே புரிந்தது.

படத்தில் கிளிக்குப் பித்தளை இறகு, உள்ளே சுருள்வில். அரக்கனுக்கு மீசையில் பல்சக்கரம். குதிரையின் வயிற்றில் கொதிகலன். கொதிகலன் என்றதும் அதைப் பற்றித் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். கடையம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற பாய்லரை இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்ட பால்வண்ணநாதன் இப்படித்தான் ‘நீராவி ஆலோசகர்’ ஆனார். அவருக்கு ஒரு சுழல் நாற்காலியும் கொடுத்தார்கள். எதிரே அழுத்தம் காட்டும் கேஜ் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. மணிக்கொரு தரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, முள் இருக்கும் இடத்தை ஒரு தாளில் குறித்து வைத்தார்.

குதிரையை வரைந்தவள் ஜுஹைனா. கடையநல்லூர்க்காரி. அவள் தொள்ளாயிரம் வெள்ளை மேகங்களைக் குதிரையின் மூக்கிலிருந்து கிளப்பியிருந்தாள்.

“இது ஆவி இல்லம்மா” என்றார் பால்வண்ணநாதன்.

“பொறவு என்ன அண்ணாச்சி? ஆவி வெள்ளையாத்தானே இருக்கும்?”

“ஆவி கண்ணுக்கே தெரியாது. கீழ டீக்கடையில கெண்டி மூக்கைப் போய்ப் பாரு. மூக்கை ஒட்டி ஒரு விரக்கடை ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அதான் ஆவி. கைய வச்சா வெந்துரும். அதுக்கு அங்கிட்டு வெள்ளையா தெரியுது பாரு, அது குளுந்துபோன தண்ணி.”

அவள் அப்போதே இறங்கிப் போய்க் கெண்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு வாரம் உட்கார்ந்து, மூக்கை ஒட்டி ஒரு விரல் இடம் விட்டு மேகங்களை நகர்த்தினாள். கூட்டம் கூடி அதைப் பரிசீலித்தது. ‘கண்ணுக்குத் தெரியாத ஆவியை ஆவியாக ஏற்க இயலாது’ என்று தீர்மானம் நிறைவேறியது. மேகங்கள் பழைய இடத்துக்குத் திரும்பின.

பால்வண்ணநாதன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. குதிரையின் முதுகில் ஒரு சேஃப்டி வால்வு இருக்க வேண்டும்.

அது எளிமையான பொருள். கொதிகலனில் ஒரு துளை. துளையின் மேல் ஒரு மூடி. மூடியை அமுக்கிக்கொண்டு ஒரு ஸ்பிரிங். உள்ளே அழுத்தம் அளவோடு இருக்கும்வரை ஸ்பிரிங் ஜெயிக்கும். அளவு மீறினால் ஆவி மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும், கத்தும், அழுத்தம் இறங்கியதும் மூடி தானே உட்கார்ந்துகொள்ளும். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. மனிதன் செய்த பொருள்களில் இவ்வளவு நேர்மையானது இன்னொன்று இல்லை என்பது அவர் கட்சி.

படத்தின் உச்சக்கட்டத்தில் இளவரசன் அந்த வால்வைக் கம்பியால் கட்டி அடைக்கிறான். ஆவி வெளியேறாததால் குதிரைக்கு வேகம் கூடி, ஏழாவது மலையைத் தாண்டிவிடுகிறது. வீரம்.

“சார், இதை மட்டும் மாத்திருங்க” என்றார் பால்வண்ணநாதன். “எங்க ஆலையில மாடக்கண்ணுன்னு ஒருத்தன். சீக்கிரம் அவியணும்னு வால்வு மேல செங்கல்லத் தூக்கி வச்சான். இப்ப அவன் இடது காதுல போன் பேசுததில்ல.”

“ஏன்?”

“காது இல்ல.”

தயாரிப்பாளர் அஃப்சல் துபாயிலிருந்து போனில் கலந்துகொண்டார். அவரைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். “சவுண்டு வரலையே, காதுன்னா சொன்னிய?” என்றார் செம்பிலிருந்து.

“இது பிள்ளைங்க பாக்குத படம் சார்” என்றார் பால்வண்ணநாதன். “வால்வு கத்தட்டும், இளவரசன் ஒரு நிமிசம் நிக்கட்டும், பொறவு போட்டும். அருவியில தண்ணி கூடுனா போலீஸ்காரர் விசில் ஊதுதாருல்லா? சனம் கரையேறுதுல்லா? வால்வும் அந்த வேலதான் பாக்கு.”

மணிகண்டபிரபு புன்னகைத்தார். “அதுக்குத்தான் வேண்டாங்கேன் அண்ணாச்சி. விசில் கேட்டா நம்ம ஊரு ஆடியன்ஸு எந்திரிச்சுப் போயிருவான்.”

இவ்வளவு தீர்க்கதரிசனம் நிறைந்த வாக்கியம் அந்த மாடியில் அதற்கு முன்பும் பேசப்பட்டதில்லை, பிறகும் இல்லை.

இந்த ஆண்டு சீசன் தொடங்கியதும் குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் காட்சி ஏற்பாடானது. கூடவே, படத்தில் வரும் குதிரையை நிஜமாகவே செய்து மேடையேற்றுவது என்று முடிவாயிற்று. தகரக் குதிரை, பித்தளைப் பிடரி, வயிற்றில் நிஜக் கொதிகலன். எந்தக் கொதிகலன் ஆய்வாளரும் வந்து பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு அது கவனமாகச் சிறியதாக இருந்தது. முதுகில் வால்வு உண்டு. ‘கதைக்கு விசுவாசமாக’ மணிகண்டபிரபு அதைத் தன் கையாலேயே கம்பி போட்டுக் கட்டினார். அடுப்பின் திருகும் அவர் கையில்தான். அதற்குப் ‘படைப்புக் கட்டுப்பாடு’ என்று பெயர்.

காட்சிக்கு முந்தின நாள் பால்வண்ணநாதன் ஜுஹைனாவிடம் ஒரு சந்தேகம் கேட்டார். “ஏம்மா, குதிரை கழுத்துல ஒரு மணி வரைஞ்சா அசிங்கமாவா இருக்கும்?”

ஜுஹைனா அவரைப் பார்த்தாள். “அழகா இருக்கும் அண்ணாச்சி” என்று சொல்லி, வரைந்து, ‘அலங்காரம்’ என்று தலைப்பிட்டு அனுப்பினாள். அலங்காரத்தை எந்தக் கூட்டமும் பரிசீலிப்பதில்லை. அன்று மாலையே தகரக் குதிரையின் கழுத்தில் பளபளவென்று ஒரு மணி ஏறியது. அதற்கு நாக்கு இல்லை என்பதையும், உள்ளே ஒரு மூடியும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் வெளியே சாரல். உள்ளே கூட்டம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில், குதிரையிலிருந்து எட்டடி தூரத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வரப்பட்ட முப்பது பிள்ளைகள். அஃப்சல் செம்பின் உதவியின்றி நேரில் வந்திருந்தார். தலைமை விருந்தினர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு மைக்கின் முன் நின்றார்.

கேஜில் முள் நான்கைத் தாண்டியது.

“சார், அடுப்பைக் குறைங்க.”

“சிவப்புக்கு வரட்டும் அண்ணாச்சி. போட்டோல முள்ளு சிவப்புல இருக்கணும்.”

“தகரம் நாலுக்கு மேல தாங்காது சார்.”

“இளவரசன் பயந்தானா?” என்று மணிகண்டபிரபு திருகை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

“பெரியோர்களே” என்றார் தலைமை விருந்தினர்.

மணி விசிலாகக் கத்தியது.

குற்றாலத்தில் விசில் சத்தத்துக்கு ஒரே பொருள்தான். மேலே மலையில் மழை, அருவியில் தண்ணீர் கூடுகிறது, கரையேறு. ஏன் எதற்கு என்று நின்று கேட்பவர் யாரும் இல்லை. மண்டபம் முழுக்க ஒரே ஆளாக எழுந்தது. “ஏலே, பிள்ளையப் பிடி! ஏட்டி, அங்கன என்ன வாய் பாத்துக்கிட்டு நிக்க?” முன்வரிசைப் பிள்ளைகளைத்தான் எல்லோரும் முதலில் தூக்கினார்கள், ஊர் வழக்கம் அது. ஒருவர் சட்டையைக் கழற்றித் தலையைத் துவட்டிக்கொண்டே ஓடினார். இரண்டு நிமிடத்தில் அரங்கில் மிஞ்சியவர்கள் குதிரை, இயக்குநர், தலைமை விருந்தினர், அடுப்பை அணைத்துக்கொண்டிருந்த பால்வண்ணநாதன்.

ஆவி வெளியேறி முடிந்தது. மூடி தானே உட்கார்ந்தது. முள் இறங்கியது. வயிற்றுத் தகரத்தில் ஒரு பற்றவைப்பு, விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்ததை அவர் மட்டும் தடவிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. ‘தலைமை விருந்தினர் உரையாற்றும் தருணத்தில், அங்கீகரிக்கப்படாத மணி ஒன்றின் மூலம் அரங்கைக் காலி செய்ததற்கும், வெடிக்கும் நிலையில் இருந்த நிறுவனச் சொத்தை உரிய அனுமதியின்றி வெடிக்கவிடாமல் தடுத்ததற்கும்’ அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கோரப்பட்டது.

பால்வண்ணநாதன் கடிகார முள்ளைக் குறிக்கிற தாளிலேயே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: ‘முன்வரிசையில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள்.’

அதைப் பரிசீலிக்கக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. எந்த நிறுவனமும் ஒரு ஊழியரின் ஒற்றை வரியை இத்தனை பொறுப்போடு அணுகியதில்லை. தீர்ப்பு முத்திரையோடு வந்தது:

‘மேற்படி முப்பது பேரும் இலவச அனுமதிச் சீட்டில் வந்தவர்கள். எனவே விளக்கம் ஏற்கப்படவில்லை.’