கிறிஸ்துராஜ் சாரின் கட்டுப்பாடு

"கடைசியா எப்ப சார் ஒண்ணுக்குப் போனீங்க?"

"காலையில அஞ்சு மணிக்கு," என்றார் கிறிஸ்துராஜ், பதக்கம் வாங்கப் போகிறவர் தோரணையில். அப்போது மணி இரண்டு. "பசுமலையில முப்பத்திரண்டு வருசம் வாத்தியார் வேலை. கடைசி பன்னெண்டு வருசம் தலைமை ஆசிரியர். வகுப்பு நடக்கும்போது ஒரு தடவ எந்திரிச்சதில்ல. பிள்ளைகளை விட்டதும் இல்ல. எல்லாம் கட்டுப்பாடு டாக்டரம்மா."

டாக்டர் ஆர்த்திகா ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார். "முக்கா லிட்டருக்கு மேல நிக்குது. ஒண்ணுமே தெரியலையா?"

"துளிகூட இல்ல!"

"இது கட்டுப்பாடு இல்ல சார். மூத்திரப் பையோட சுவர்ல கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் இருக்கு. பை விரிஞ்சா அது திறக்கும், உப்புத் துகள் உள்ள பாயும், அதுல கிளம்புற மின்சாரம்தான் மூளைக்குச் சேதி. இருபது வருசச் சக்கரையில உங்களுக்கு அந்தச் சேதி நின்னுருச்சு போல. சிறுநீரகம் வீங்க ஆரம்பிச்சிருச்சு."

கிறிஸ்துராஜ் அவசரமாகத் திருத்தினார். "சில நேரம்... லேசாத் தெரியும்."

"அப்ப இன்னைக்கே சோதிச்சிருவோம். குழாய் வழியாத் தண்ணி ஏத்துவோம், தெரியத் தெரியச் சொல்லுங்க. தெரியலைன்னா, ஆயுசுக்கும் தினம் நாலு வேளை நீங்களே குழாய் விட்டுத்தான் எடுக்கணும்."

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் சோதனைக்கு ஒரு வாரமாவது அவகாசம் கிடைத்திருக்கும்.

வெளியே பெஞ்சில், அதே சோதனை முடிந்து உட்கார்ந்திருந்தார் மேலூர் லாரி டிரைவர் தங்கப்பாண்டி. தலைமை ஆசிரியர் வாழ்க்கையில் முதன்முறையாக இன்னொருவரிடம் விடை கேட்டார்.

"தம்பி, உள்ள எப்பெப்ப என்ன சொல்லணும்?"

"அது தன்னால வரும்யா."

"முன்கூட்டியே தெரிஞ்சா நல்லது."

"ரெண்டாம் நிமிசம் லேசா. நாலுல நெருக்குச்சு. ஆறுல நர்சம்மாவக் கெட்ட வார்த்தையில வஞ்சுட்டேன்."

"அந்த வார்த்தை அவசியமா?"

"அதச் சொன்ன பெறகுதான்யா நம்புனாங்க."

கிறிஸ்துராஜ் உள்ளங்கையில் 2, 4, 6 என்று எழுதிக்கொண்டார். இதே குற்றத்துக்காக அவர் தேர்வறையை விட்டு விரட்டிய பிள்ளைகளுக்குக் கணக்கில்லை.

உள்ளே நர்ஸ் இசைவாணி குழாயைப் பொருத்தினார். தேங்கியிருந்தது முழுக்க வடிந்து சட்டி நிறைந்தது. கண்ணை மூடியிருந்தால் வடிந்ததுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு ஏதோ பெட்டி 'உய்ங்' என்றது. அவர் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

இரண்டாம் நிமிடம். "லேசாத் தெரியுது."

டாக்டர் திரையைப் பார்த்தார், இசைவாணியைப் பார்த்து லேசாகக் கையை உயர்த்தினார். கிறிஸ்துராஜ் அதை முழு மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டார்.

நான்காம் நிமிடம். "நெருக்குது டாக்டரம்மா, நல்லா நெருக்குது!"

இசைவாணி டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

ஆறாம் நிமிடத்தில் முகத்தைக் கோணி, காலை உதறி, அதுவரை வாயில் வந்தே இராத ஒரு வார்த்தையை, ளகர ழகரம் பிசகாமல் கூவினார். "நிறுத்துங்க! தாங்க முடியல!"

இசைவாணி பரிதாபமாகக் கேட்டார்: "எதை நிறுத்த சார்? தண்ணிய இன்னும் திறக்கவே இல்லையே."