அறுநூறு பாகை தாங்கும் கறுப்பு

துவக்கின் குழலில் மூன்று செம்பழுப்புப் புள்ளிகளைக் கண்டதும் சிறிதரன் குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தார்.

துரு!

நோபல் பார்க் வீட்டில் அவர் ஆசையாக வாங்கித் துருப்பிடிக்க விட்ட சாமான்களுக்கு அளவில்லை. புல்வெட்டி, சைக்கிள், பார்பிக்யூ அடுப்பு. அதனால்தான் அவர் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, இந்தத் துவக்கை வாங்கியபோது மனைவி தனேஸ்வரி ஒரே நிபந்தனை போட்டாள். "துரு கண்டனோ, அண்டைக்கே துவக்கு வெளியிலை!"

நேற்று எண்ணெய் போடத்தான் அதைக் கராஜ் மேசையில் எடுத்து வைத்தார். நடுவில் போன் வந்ததும் வீட்டுக்குள் போனார். கதைத்து முடித்த அவசரத்தில் அப்படியே பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டார். பாவி, ஒரே இரவில் இப்படியா?

கிளப் நண்பன் பிரஷாந்தனை அழைத்தார்.

"தொடாதை மச்சான்! விரல் வியர்வை பட்டால் துரு பரவும். சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்."

தேய்த்தார். புள்ளிகள் இரண்டே தேய்ப்பில் போய்விட்டன. வந்த உற்சாகத்தில் இன்னும் தேய்த்தார். குழலின் கறுப்பும் போய்விட்டது. மறுபடி பிரஷாந்தனை அழைத்தார்.

"அப்ப பெயின்ற் அடி. பார்பிக்யூவுக்கு அடிக்கிற, சூடு தாங்கிற ஸ்பிரே. அறுநூறு பாகை தாங்கும். நீ செத்தாலும் உரியாது."

குழலைக் கழற்றி, கராஜ் கதவைத் திறந்து வைத்து அடித்தார். மெல்பேர்ன் காற்று யார் சொல்லைக் கேட்டது? குழலுக்குப் பாதி, வெளியே நின்ற தனேஸ்வரியின் வெள்ளைக் காருக்குப் பாதி. தின்னர் ஊற்றித் துடைத்தார். காரில் கறுப்புப் போனது; வெள்ளையும் போனது.

"காரை விடு மச்சான். பெயின்ற் இறுக வேணுமெண்டால் சூடு காட்ட வேணும். கேக் சுடுற அவனுக்குள்ளை வை."

குசினி அவனுக்குள் குழல் முக்கால்வாசிதான் போனது. மூடாத கதவின் இடைவெளியைத் துவாயால் அடைத்தார். துவாய் கருகியது. புகை அலாரம் வீட்டையே தூக்கியது. கூட்டுகிற தும்புத்தடியால் அதை ஓங்கித் தட்டினார். அது கழன்று பருப்புக் கறிச் சட்டிக்குள் விழுந்து, அங்கிருந்தும் அலறியது.

அந்த நேரம் பார்த்து, சந்தைக்கு நடந்து போயிருந்த தனேஸ்வரியும் அவளுடைய அம்மா கல்யாணியும் மரக்கறிப் பைகளோடு வந்து நின்றார்கள்.

"என்னப்பா இது? துவக்கைச் சமைக்கிறியளோ?"

சிறிதரனுக்கு அழுகையே வந்துவிட்டது. "மூண்டு இடத்திலை துருப் பிடிச்சிட்டுது, தனம். நீர் காணமுந்தி மறைப்பம் எண்டு..."

"சொன்னால் சொன்னதுதான். நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வாங்கோ!"

சிறிதரன் தலையைத் தொங்கப் போட்டார். மாமி மட்டும் அடுப்பருகே குனிந்து குழலை உற்றுப் பார்த்தார்.

"மூண்டு இடத்திலையோ? ஐயோ தம்பி, அது நேற்று ஆயுத பூசையெண்டு நான் வைச்ச குங்குமமெல்லோ!"