நாலு வகை நோயும் ஒரு நாள் லீவும்

"தலை சுத்துது சார். நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவருக்கு 'அரை வைத்தியர்' என்று பெயர். வைத்தியப் படிப்பைப் பாதியில் விட்டவர். விட்ட பாதியை ஊழியர்களின் உடம்பில் படித்துக்கொண்டிருந்தார்.

"காரணம்?"

"தலை சுத்துது..."

"அது அறிகுறிய்யா. நான் கேட்டது காரணம். எந்த நோயும் நாலு வழியிலதான் வரும். ஒட்டிக்கறது, பரம்பரையா வர்றது, சத்துக் குறைவால வர்றது, செய்யற வேலையால வர்றது. உன்னோடது எது? நாளைக்கு நானும் இருக்க மாட்டேன். காரணம் சரியா இருந்தாத்தான் அனுப்புவேன்."

மேசைமேல் கிடந்த விசிலை எடுத்து விரலில் சுழற்றினார். மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அதை ஊதித்தான் எல்லாரையும் கிளப்புவார்.

லீவு கேட்டு நின்ற டெஸ்பாட்ச் கிளார்க்குக்கு நோய் எதுவும் இல்லை. ஒரு மகள்தான் இருந்தாள். நாளைக்கு அவள் பள்ளியில் ஓட்டப்பந்தயம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் லோடு அனுப்புகிற அவசரத்தில் இவர் போகவில்லை. இந்தத் தடவை அவள் கூப்பிடவே இல்லை. "உங்களுக்கு வேலை இருக்கும்ப்பா" என்று அவளே சொல்லிவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சொந்த லீவெல்லாம் தீர்ந்துபோய், நோய் லீவு மட்டும் மிச்சமிருந்தது.

நாலில் சாதுவாகத் தெரிந்த ஒன்றைப் பிடித்தார்.

"சத்துக் குறைவு சார்."

மேனேஜர் கேன்டீன் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா கரண்டியோடு வந்தார்.

"சத்துக் குறைவா? இவருக்கா? மத்தியானம் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு சார். நாலாவது தடவை காலிப் பாத்திரத்தைக் காட்டித்தான் அனுப்பி வச்சேன்."

"தின்னது உடம்புல ஒட்டாம போயிருக்கலாம்" என்றார் மேனேஜர் நியாயமாக. "பீட்ரூட் சாறு ஒரு ஜக்கு கொண்டா. குடிச்சிட்டு நாளைக்கு வேலைக்கு வரட்டும்."

அக்கா கோபத்தையும் சேர்த்துப் பிழிந்துகொண்டு வந்தார். பாதி ஜக்கில் கிளார்க்கு கட்சி மாறினார்.

"பரம்பரை சார்! எங்கப்பாவுக்கும் இதே சுத்தல்தான்."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா உன் தம்பிக்கும் இருக்குமே!"

தம்பி அதே கம்பெனியில் லாரி ஓட்டுகிறவன். கூப்பிட்டு, சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"அண்ணே, உனக்குத் தலை சுத்தினா என் வண்டி ஏன் நிக்கணும்? நம்ம அப்பா எழுபது வயசுல கூரைமேல ஏறி ஓடு மாத்தினவரு!"

தம்பியின் பிழைப்பில் மண் விழுவதைப் பார்த்ததும் அண்ணனுக்கு உண்மையிலேயே தலை சுற்றியது.

"அவனை விட்டுடுங்க சார். பரம்பரை இல்ல. வேலையாலதான். அந்தப் பசை நெடி..."

இது பசைப் பிரிவின் காதில் விழுந்துவிட்டது. தொழிற்சங்கத் தலைவர் தன் ஆட்களோடு வந்து நின்றார். "எங்களுக்கும் சுத்துது" என்று சொல்லி எல்லாரும் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். மெஷின் நின்றது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

மேனேஜருக்கு வியர்த்தது. "பசையைச் சோதிக்கற வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது. நாளைக்கு எல்லாரும் இங்க இருக்கணும். ஐயோ, நானும் போக முடியாது போலிருக்கே!"

மிச்சம் ஒரே ஒரு வழிதான். கிளார்க்கு கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒட்டிக்கற நோய் சார். பக்கத்து வீட்டுல எல்லாருக்கும் இருக்கு." சொல்லிவிட்டு, இலவச இருமல் ஒன்றையும் சேர்த்துப் போட்டார்.

மேனேஜரின் நாற்காலி சுவரில் போய் முட்டியது. பசைப் பிரிவுக்குச் சட்டென்று குணமாகிவிட்டது. தலைவர்தான் முதலில் ஓடினார். தம்பி சாவியைப் பறித்துக்கொண்டு பறந்தான்.

"போ! வீட்டுக்குப் போ! மூணு நாள் வாசல் தாண்டக் கூடாது. வெளிய எங்கயாவது உன்னைப் பாத்தேன், வேலை போயிடும்!"

கிளார்க்கு தள்ளாடியபடி வெளியே வந்தார். கேட்டைத் தாண்டியதும் நடை துள்ளலானது.

அங்கே குழாயடியில் கேன்டீன் அக்கா ஜக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். "பொண்ணு ஓடறதப் பாக்கத்தானே இவ்வளவு பாடும்? உங்க தம்பி சொல்லிட்டாரு."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. முதல் வரிசையில உக்காரப் போறேன். என்னைப் பாத்ததும் அவ முகம் எப்படி மாறும் தெரியுமா?"

அக்காவுக்குக் கோபம் தணிந்து, பாவமாகக்கூட இருந்தது.

"நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா முதல் வரிசை மட்டும் வேண்டாம். வருஷா வருஷம் அந்தப் பந்தயத்துக்கு விசில் ஊதறதே நம்ம மேனேஜர்தான்."