மூன்றாம் மாடித் திருநாள்

"மாமா, லிஃப்ட் இன்னைக்கும் ஓடாதாம்!" என்று மச்சான் பிராங்கோ மூச்சிரைக்க வந்து சொன்னதும், திஹோமிர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அந்த ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு; அன்று அவன் வீட்டுப் புனிதரான நிக்கோலாவின் திருநாள். அந்த நாளில் யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது. மெழுகுவர்த்தி ஏற்றி, மீன் பொரித்து, கதவைத் தாழிடாமல் காத்திருக்க வேண்டும்; வருகிறவர் வருவார். ஆனால், தரைத்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த வுகாஷின் சக்கர நாற்காலியில் இருப்பவர். மூன்றாம் மாடியில் இருக்கும் இவன் வீட்டுக்கு எப்படி வருவார்?

"ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு அவர் மட்டும் நம்ம பந்தியில இல்லேன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடமாடுறது?"

"அவரையே ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி தெசாங்கா.

"கேட்டா அழைச்ச மாதிரி ஆயிடும்டி. முறை தப்பிடும்!"

வுகாஷினை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வருவதென்று முடிவாயிற்று. ஒத்திகைக்கு ஒரு நாற்காலியில் பிராங்கோவை உட்கார வைத்தார்கள். அவன் லேசான ஆளில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது.

"மேலயும் போகல, கீழயும் போகல. அந்த மீனையாவது இங்க அனுப்புங்கய்யா!" என்று கத்தினான் பிராங்கோ.

நாற்காலியின் காலை உடைத்துத்தான் அவனை மீட்க முடிந்தது.

"அப்போ பந்தியக் கீழ கொண்டுபோயிடுவோம்!" என்றான் திஹோமிர்.

முற்றத்தில் மேஜை போட்டார்கள். பனி கொட்ட ஆரம்பித்தது. சூப்பு ஆறிப்போய், வந்த விருந்தாளிகள் இருபது பேரும் வெடவெடத்தார்கள். மேஜையைத் தரைத்தள நடைக்குள் தூக்கினார்கள். திருப்பினார்கள், சாய்த்தார்கள், தள்ளினார்கள். அது சரியாக வுகாஷின் வீட்டு வாசலுக்குக் குறுக்கே போய் இறுகிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

"நல்லா இருக்கு! அவரை வெளிய கூப்பிட வந்து உள்ளயே பூட்டிட்டீங்களே" என்றாள் தெசாங்கா.

சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. கோட்டும் டையுமாக வுகாஷின், மேஜைக்கு அந்தப் பக்கம்.

திஹோமிருக்கு அழுகையே வந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்கண்ணே. உங்கள விட்டுட்டு நாங்க மட்டும் கொண்டாட மனசு வரல. அதான்..."

வுகாஷின் இருபது பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"மேஜைய அப்புறம் பாத்துக்கலாம், குனிஞ்சு உள்ள வாங்கப்பா! எங்க வீட்டுக்கும் நிக்கோலாதான். காலையில இருந்து மீனப் பொரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், இந்தக் கட்டடத்துல மாடிப்படி இறங்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூடவா இல்லன்னு!"