வேனில் ஏறிய அமெரிக்கா

“பிரேக் எ லெக்னா காலை உடைன்னுதானேம்மா அர்த்தம்? வந்து இறங்குற தொரைகிட்ட மொத வார்த்தையா இதையா சொல்லச் சொல்றே?”

நாகமுத்து வேன் சாவியை மேசையில் வைத்துவிட்டார். மகள் அனுசியா அசரவில்லை. ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி வருஷம் படிக்கிறவள். நூலகத்தில் எடுத்த அமெரிக்கப் பேச்சுவழக்குப் புத்தகம் அவள் மடியில் விரிந்து கிடந்தது.

“அமெரிக்காக்காரங்க அப்படித்தாம்பா வாழ்த்துவாங்க. எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்னு அர்த்தம்.”

“நடக்கிறதுக்குக் கால் வேணாமா லா?”

“அத விடுங்க. லெண்ட், பாரோ சொல்லுங்க. நாம இரவலா கேட்டு வாங்குறது எது?”

“ரெண்டும் ஒண்ணுதானே? மலாய்ல எல்லாத்துக்கும் பிஞ்சாம்தான்.”

“இங்கிலீஷ்ல ஒண்ணு இல்லப்பா. வாங்குறது பாரோ, கொடுக்கிறது லெண்ட்.”

நாகமுத்து இத்தனை வருஷமாக இரண்டையும் மாற்றித்தான் சொல்லி வந்திருக்கிறார். அதற்காகப் பக்கத்து வீட்டு அகமது ஏணி தராமல் இருந்ததே இல்லை. ஆனால் அகமது அமெரிக்கர் அல்ல.

ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்று, வாங்கியவர்கள் அதில் வீடுகள் கட்டத் தொடங்கியதும், அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்த நாகமுத்து பத்து பெரண்டாம் என்ற ஊருக்குக் குடிவந்து, ஒரு பேக்டரியில் தற்காலிக வேன் டிரைவராகச் சேர்ந்திருந்தார். இன்று அமெரிக்காவிலிருந்து புது மேனேஜர் வருகிறார். “அவருக்கு உங்களப் புடிச்சா வேலை பெர்மனன்ட். இல்லேன்னா மாசக் கடைசியோட சரி” என்று ஆபீசர் சாமிநாதன் சொல்லிவிட்டார். அனுசியாவை மேலே படிக்க வைப்பதும் அந்தப் ‘புடிச்சா’வில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வழியெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்தபடி வேனை ஓட்டிய மனிதர், விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தார். மேனேஜர் பெயர் எழுதிய அட்டை வீட்டிலேயே தங்கிவிட்டது. பெயரும் நினைவில் இல்லை. அமெரிக்க வாசகங்கள் அதைத் தள்ளிவிட்டு இடம் பிடித்திருந்தன.

“அட்டை என்னத்துக்கு? வெள்ளைக்காரனை எனக்கு அடையாளம் தெரியாதா?” என்று தைரியம் சொல்லிக்கொண்டார். தோட்டத்துப் பிள்ளை, துரைகளைப் பார்த்து வளர்ந்த கண்.

சிங்கப்பூரிலிருந்து வந்த சின்ன விமானத்தில் ஒரே ஒரு வெள்ளைக்காரர்தான் இருந்தார். நெட்டையான ஆள், சிவந்த மூக்கு, அரைக்கால் சட்டை. மேனேஜர் அரைக்கால் சட்டையில் வருவாரா என்று நாகமுத்துவுக்கு ஒரு கணம் தோன்றியது. அமெரிக்காவில் அப்படித்தான் போலிருக்கிறது என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

“வெல்கம் சார்! பேக்டரி? மேனேஜர்?”

வெள்ளைக்காரர் பலமாகத் தலையாட்டினார்.

அதற்குள், வேனில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டு, கறுத்த, கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து கையை நீட்டினார். தலைமை ஆபீசிலிருந்து துரைக்குத் துணையாக அனுப்பிய ஆள் என்று நாகமுத்து புரிந்துகொண்டார். நீட்டிய கையில் வெள்ளைக்காரரின் பெட்டியைக் கொடுத்தார்.

“புடிங்க தம்பி. தொரை தூக்கக் கூடாது. சிங்கப்பூர்லேர்ந்து வர்றீங்களா?”

“நான்... சிங்கப்பூர் வழியா...” தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது.

“சிங்கப்பூர் புள்ளைங்களுக்கே தமிழ் இப்படித்தான். பரவால்ல, முன்னாடி ஏறுங்க.”

துரை பின் சீட்டில் அமர்ந்ததும், நாகமுத்து மூச்சை இழுத்துவிட்டு, “பிரேக் எ லெக், சார்!” என்றார்.

வெள்ளைக்காரர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். முன்சீட்டு இளைஞருக்கு இருமல் வந்தது.

சொன்னது சரியில்லை என்று பட்டதும், சமாளிக்க, ‘ரொம்பச் சுலபம்’ என்று மகள் அர்த்தம் சொன்ன அடுத்ததை எடுத்துவிட்டார். “நோ வொரி சார். பீஸ் ஆஃப் கேக்!”

‘கேக்’ என்றதும் துரை முகம் மலர்ந்து வயிற்றைத் தடவினார்.

 மேனேஜரைப் பசியோடு கொண்டுபோய் இறக்கினால் வேலை நிலைக்குமா? நாகமுத்து வண்டியை வழியிலிருந்த ராஜம்மா கடைக்குத் திருப்பினார். கேக் இல்லை, தோசைதான் இருந்தது. துரை ஒன்று சாப்பிட்டார், இரண்டு சாப்பிட்டார், மூன்றாவதுக்கும் விரலைக் காட்டினார். பேக்டரி வாசலில் சாமிநாதன் மாலையோடு காத்திருக்கும் நேரம் கடந்துகொண்டிருந்தது.

“சார், ஹிட் தி ரோடு!” என்றார் நாகமுத்து, கிளம்பலாம் என்ற அர்த்தத்தில், கெஞ்சலாக.

துரை எழுந்துபோய்ச் சாலையை நன்றாகப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து டீ கேட்டார்.

நாகமுத்து தளர்ந்துபோய் இளைஞரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என் வேலை போச்சு தம்பி. பொண்ணு பாவம், ஒரு வாரமா இந்த மண்டைக்குள்ள இங்கிலீஷைத் திணிச்சா. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், வந்தவங்களுக்குப் பசின்னா நிறுத்தத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது. நீங்க சாப்பிடுங்க, பெட்டி தூக்கியே களைச்சிட்டீங்க.”

இளைஞர் தோசையைச் சாம்பாரில் தோய்த்துக் கையாலேயே சாப்பிட்டார். “எங்க அம்மா செய்வாங்க. ஆனா இது... ரொம்ப நல்லா இருக்கு.”

“அம்மாகிட்ட அதச் சொல்லிடாதீங்க” என்றார் நாகமுத்து. அந்தக் கவலையிலும் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

பேக்டரி வாசலில் வேன் நின்றதும், சாமிநாதன் ஓடிவந்து பின்கதவைத் திறந்து, வெள்ளைக்காரர் கழுத்தில் மாலையைப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். துரை கூச்சப்படாமல் மாலையோடு உள்ளே நடந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இளைஞரும் பின்னால் போனார்.

நாகமுத்து கேன்டீனில் போய் உட்கார்ந்தார். வாங்கிய டீயைக் குடிக்க மனம் வரவில்லை. மகளிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் தோற்றதை விட, அவள் முகம் வாடுவதைப் பார்க்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

வரவேற்பு மேசை உஷாராணி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“அண்ணே! மேனேஜர் உங்களைத்தான் டிரைவரா கேக்குறாரு. பெர்மனன்ட்!”

நாகமுத்து எழுந்துவிட்டார். கண் கலங்கியது. “மெய்யாவா? நான் பேசின இங்கிலீஷ் அவருக்குப் புரிஞ்சிடுச்சா?”

“எல்லாம் புரிஞ்சிச்சாம். ஆனா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு லா. நீங்களும் அவருமா சேந்து கூட்டிட்டுப் போய் தோசை வாங்கிக் குடுத்தீங்களே, அந்த வெள்ளைக்காரரு யாரு?”